பக்கத்துக் காடு

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது விளம்பரங்கள் எல்லாம் சிவந்துவிடுகின்றன. கொரியாவின் மலைப் பூங்காக்கள், ஜப்பானியக் கோயில்களின் மேப்பிள் மரங்கள், தரையெல்லாம் மஞ்சளும் செம்மஞ்சளுமாய் உதிர்ந்து கிடக்கும் இலைகள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "நம் நாட்டில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்கும் மாணவர்கள் பலர். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. இப்போது அக்கரை சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இலையுதிர் காலத்தைக் காண விரும்புவது தவறன்று. ஆனால், விமானம் ஏறிப் போய்ப் பிற நாட்டு மரத்தை வியக்கும் ஒருவர், தம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் நிற்கும் மரத்தின் பெயரை அறியாதிருப்பது வருந்தத்தக்கது. தொலைவில் உள்ள மலையொன்றை ஒருமுறை ஏறி வருவதைவிட, பக்கத்தில் உள்ள காடொன்றை ஆண்டில் பலமுறை நடந்து அறிவதே மேலானது என்பது என் கருத்து. அது நமக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது. செலாயாங் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குகிறேன்.

முதலில் இலைகளைப் பற்றிய ஒரு செய்தி. மலேசியாவில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. எனினும், நம் காட்டு மரங்களும் நிறம் மாறுகின்றன. மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் புதிதாகத் துளிர்க்கும் இலைகள் இளஞ்சிவப்பாகவோ செம்பு நிறமாகவோ தோன்றி, பின்னரே பச்சையாகின்றன. குளிர்நாடுகளில் இலை விடைபெறும்போது சிவக்கிறது. இங்கோ இலை பிறக்கும்போது சிவக்கிறது. 'மாந்தளிர் நிறம்' என்று தமிழர் ஒரு நிறத்திற்கே பெயர் வைத்தது இதைக் கண்டதால்தான். தோட்டப்புறத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டால் மற்றொன்றும் சொல்வார்கள். ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். அப்போது பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். அவர்கள் அறிந்த இலையுதிர் காலம் புகைப்படத்திற்கானதன்று, வயிற்றோடு தொடர்புடையது.

இனிச் செலாயாங்கிற்கு வருவோம். கோலாலம்பூரின் வடக்கு எல்லையை ஒட்டியுள்ள இவ்வட்டாரத்தைப் பலர் மொத்தச் சந்தைக்காகவும், மருத்துவமனைக்காகவும், போக்குவரத்து நெரிசலுக்காகவும் மட்டுமே அறிவர். ஆனால், வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே பத்துமலை; மேற்கே கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் காடு; வடக்கே ரவாங் செல்லும் பழைய நெடுஞ்சாலையோரம் தெம்ப்ளர் பூங்கா, கஞ்சிங் நீர்வீழ்ச்சி, அவற்றின் அருகே செங்குத்தாக எழும் புக்கிட் தாக்குன் சுண்ணாம்புக் குன்று. கால் வலித்தால் நனைத்துக்கொள்ளச் செலாயாங்கிலேயே ஒரு வெந்நீர் ஊற்றும் உண்டு. இவை அனைத்தும் காலையில் புறப்பட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன.

பத்துமலையை நாம் எல்லாரும் அறிவோம் என்று நினைக்கிறோம். 272 படிகளை ஏறியிருக்கிறோம். தைப்பூசத்திற்கு நடந்தே சென்றவர்களும் நம்மில் உண்டு. எனினும், அந்தக் குன்றின் இருண்ட குகையில், மூடியிட்ட கூட்டில் வாழும் ஓர் அரிய வகைச் சிலந்தி இருப்பதை எத்தனை பேர் அறிவோம்?  ஓர் இடத்திற்குப் பலமுறை செல்வது வேறு. அவ்விடத்தை அறிவது வேறு.

இந்த வட்டாரத்தில் நான் மிகவும் விரும்பும் நடை கஞ்சிங்கில்தான். ஏழு அடுக்குகளாக இறங்கும் நீர்வீழ்ச்சி அது. கீழ் அடுக்குகளுக்குச் செல்லும் பாதை எளிது. குடும்பங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. நெகிழிப் பைகளைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகளும் அங்கேதான் மிகுதி. மேலே ஏற ஏற மனிதக் குரல் குறைந்து நீரின் குரல் கூடுகிறது. பாதை குறுகி, வேர்களே படிகளாகின்றன. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் நெடிதுயர்ந்த மரங்கள் தெரியும். அவற்றுள் ஒன்று காப்பூர் மரம். அதன் உதிர்ந்த இலையொன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஒரு காட்டமான நறுமணம் எழும்.

அந்த மணத்திற்கும் நமக்கும் உள்ள உறவு பழைமையானது. காப்பூர் மரத்தின் உள்ளே விளையும் கற்பூரத்தைத் தேடியே ஒரு காலத்தில் பல நாட்டு வணிகர்கள் கடல் கடந்து இப்பகுதிக்கு வந்தனர். சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரோஸ், கற்பூரத்திற்குப் பெயர் பெற்ற துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில், கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூற்றுவர் எனப்படும் தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கப்பலேறித் தேடி வந்த மரம், இன்று செலாயாங்கிலிருந்து ரவாங் போகும் வழியில் நிற்கிறது. நாமோ மகிழுந்தின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைக் கடந்து போகிறோம்.

கஞ்சிங் காட்டில் இதைவிட அரிய மரமும் ஒன்று உண்டு. அதன் பெயர் கியாம் கஞ்சிங். ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அம்மரம், இந்தக் காட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதாக அறியப்படவில்லை. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுள் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. ரவாங் நகரின் நெரிசலைக் குறைக்கப் புறவழிச்சாலை ஒன்று அமைக்கத் திட்டமிட்டபோது, அந்தச் சாலை இந்தக் காட்டைக் கடந்தாக வேண்டியிருந்தது. சாலையும் தேவை, மரமும் தேவை. இவ்விரண்டில் எது வெல்லும்?

தாவரவியலாளர்கள் அம்மரத்தின் பெயரையும் இருப்பிடத்தையும் அருமையையும் எடுத்துக்கூற முடிந்ததால், இரண்டிற்கும் இடம் கிடைத்தது. காட்டை வெட்டிச் சமன்படுத்துவதற்குப் பதிலாகச் சாலை தூண்களின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டது. சுமார் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த உயர்பாலம், சில இடங்களில் ஏறக்குறைய 58 மீட்டர் உயரத்தில் செல்கிறது. 2017-இல் அது போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. கட்டுமானத்தால் காட்டுக்குச் சேதமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், பெயர் தெரியாத வெறும் 'மரங்கள்' அங்கு நின்றிருந்தால் சாலை அத்தனை உயரம் ஏறியிருக்குமா? ஒரு மரத்தை யாரோ சிலர் அறிந்திருந்தார்கள். அதனால் அது பிழைத்தது. பக்கத்துக் காட்டை நாம் ஏன் அறிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை.

அறிவதால் காடு பிழைக்கும் என்பதற்குக் கஞ்சிங் சான்று என்றால், உழைப்பால் காடு பிறக்கும் என்பதற்குக் கெப்போங் சான்று. ஃபிரிம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் காட்டுக்குள் முதன்முறை நுழைபவர்கள், அது காலங்காலமாக இருந்துவரும் இயற்கைக் காடு என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. 1920-களில் ஃபாக்ஸ்வொர்த்தி என்னும் வன ஆய்வாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே இருந்தவை ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களும்தாம். அந்த நிலத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக நடப்பட்டன. 1929-இல் ஆய்வு நிலையம் முறையாகத் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, 2025 ஜூலையில், யுனெஸ்கோ அந்தக் காட்டை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. கினபாலு, முலு, மலாக்கா–ஜார்ஜ்டவுன், லெங்கோங், நியா ஆகியவற்றின் வரிசையில் மலேசியாவின் ஆறாவது தளம் அது.

ஃபிரிம் காட்டில் காப்பூர் மரங்கள் கூட்டமாக நிற்கும் இடமொன்று உள்ளது. அங்கே நின்று மேலே பாருங்கள். ஒரு மரத்தின் முடி அடுத்த மரத்தின் முடியைத் தொடாது. ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குச் சிறிது வானத்தை விட்டுக்கொடுத்து நிற்கும். அந்த இடைவெளிகள் ஆற்றின் கிளைகளைப் போல் வளைந்து வளைந்து செல்லும். மரங்களின் நாணம் என்று இதனை அழைப்பர். காற்றில் கிளைகள் உரசி நுனிகள் ஒடிவதாலா, அண்டை மரத்தின் நிழலை உணர்ந்து வளர்ச்சி நிற்பதாலா என்று அறிவியலாளர்கள் இன்னும் ஆராய்கின்றனர். நடை எளிது; பாதைகள் தெளிவு; சிறுவர்களும் முதியவர்களும் சேர்ந்து செல்லலாம். முதன்முறை காட்டு நடை செல்வோருக்கு நான் பரிந்துரைக்கும் இடம் இதுவே.

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. "பக்கத்துக் காட்டில் சவால் எங்கே? சிகரம் எங்கே?" என்று சிலர் கேட்பர். சவாலை விரும்புவோருக்குச் சிலாங்கூரிலேயே 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலை இருக்கிறது. செமினியில் லாலான் புல் மூடிய புரோகா குன்று இருக்கிறது. உடல் வலிமையும் பயிற்சியும் உள்ளவர்கள் அவற்றை ஏறட்டும். ஆனால், சிகரத்தில் ஒரு படம் எடுத்துப் பகிர்ந்துவிட்டு, அடுத்த வாரம் அடுத்த சிகரம் என்று எண்ணிக்கை கூட்டுவது மலையேற்றம் ஆகாது. அது பட்டியலை நிரப்பும் வேலை. அந்த ஆர்வத்தில் சிலர் தடையையும் மீறுகின்றனர். கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டின் மேலே நிற்கும் புக்கிட் தாபூர், 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வெண்படிகப் பாறைத் தொடரின் ஒரு பகுதி. அதன் கூரிய முகடுகளில் தவறி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அனுமதியின்றி வனக்காப்புப் பகுதிக்குள் நுழைவது சட்டப்படி குற்றமும் ஆகும். நல்ல படத்திற்காக உயிரைப் பணயம் வைப்பது வீரமன்று.

"மழைக்காலத்தில் காட்டுக்குப் போவது ஆபத்தல்லவா?" என்பது பெற்றோர் எழுப்பும் கேள்வி. இது நியாயமான கேள்வி. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில், பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. பிற்பகலில் இடியுடன் பெய்வது வழக்கம். நீர்வீழ்ச்சிகளில் கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் வெள்ளமும் வரலாம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையின் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் கீழே பாய்ந்து வரும். தெளிந்த நீர் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் கூடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு உடனே கரையேறி மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

ஆகவே, ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. இடத்தை அறிந்தவருக்கு ஆபத்து முன்கூட்டியே தெரிகிறது என்றே சொல்கிறேன். ஒரே ஆற்றைப் பலமுறை பார்த்தவர், "இன்று நீரின் நிறம் சரியில்லை" என்று சொல்லிவிடுவார். முதன்முறை வந்தவருக்கு எந்த நிறம் சரி என்றே தெரியாது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் வெளியேறுவது, வானிலை அறிக்கையைப் பார்ப்பது, வீட்டில் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்வது, பெரியவர் துணையின்றிச் செல்லாதிருப்பது, அனுமதி தேவைப்படும் காடுகளுக்கு வனத்துறையிடம் முன்னதாகவே அனுமதி பெறுவது ஆகியவை விலக்கில்லாத விதிகள். வானம் கறுத்தால் திரும்பிவிடுங்கள். காடு பக்கத்தில்தானே இருக்கிறது! அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். தொலைதூரப் பயணத்திற்குப் பணம் கட்டியவர்தான், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று மழையிலும் மேலே ஏறுவார்.

மூன்றாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. பள்ளி, பிரத்தியேக வகுப்பு, புறப்பாடம் என வாரம் முழுவதும் ஓடும் மாணவர்களுக்கு நேரம் ஏது? பக்கத்துக் காடு என்பதன் பயன் இங்கேதான் விளங்கும். இதற்கு நீண்ட விடுமுறை வேண்டா. விமானச் சீட்டு வேண்டா. புதிய காலணி, விலையுயர்ந்த பை என எதுவும் கட்டாயமில்லை. பேரங்காடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் செலவிடும் குடும்பத்தால், மாதம் ஒருமுறை அந்த நேரத்தைக் காட்டுக்குத் தர முடியும். வழுக்காத காலணி, தண்ணீர், மழையங்கி, பொட்டலச் சோறு ஆகியன போதும். பொட்டலம் கட்டிய தாளையும் திரும்ப வீட்டுக்கே கொண்டு வர வேண்டும்; குரங்குகளுக்கு உணவு தரவே கூடாது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பணியைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செலாயாங்கில் இருப்பவருக்குக் கஞ்சிங் போலப் பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவருக்குப் புக்கிட் காசிங் இருக்கலாம். அதே பாதையை ஆண்டில் நான்கு முறை நடங்கள். ஒவ்வொரு முறையும் எது துளிர்க்கிறது, எது பூக்கிறது, எது காய்க்கிறது, ஆற்றின் நீர் எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நடைக்கு மூன்று மரங்களின் பெயரை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில் பெயர் இல்லாவிட்டால் மலாய்ப் பெயரே போதும். நம் காடுகளுக்குப் பெயர் வைத்தவர்கள் அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களும் மலாய் மக்களும்தாம். அவர்கள் தந்த பெயரைக் கற்பது அவர்களுடைய அறிவை மதிப்பதாகும்.

பெயரறிவது நமக்கும் புதிதன்று. சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பிரித்து, ஒவ்வொன்றின் மரத்தையும் பறவையையும் தொழிலையும் பாடிய இனம் நாம். அந்தப் பிரிவுகளைத் தேர்வுக்கு மனனம் செய்யும் நாம், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குறிஞ்சி நிலத்தில் ஒன்பது மரங்களைப் பெயர் சொல்லத் தயங்குகிறோம். இலக்கியப் பாடத்தின் மறுபாதி வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது.

இஃது இலக்கிய இன்பத்தோடு முடிந்துவிடும் செய்தியும் அன்று. 2021-இல் கோல லங்காட் வடக்கு வனக்காப்புப் பகுதியில் 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலம் வனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது தெரியவந்தபோது, அங்கு வாழும் பூர்வகுடி மக்களும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவை மீட்டுக்கொண்டது. அந்தக் காட்டை அறிந்தவர்கள் இருந்ததால் அதற்காகப் பேசவும் ஆள் இருந்தது. நகரம் வளரும், வீடும் சாலையும் மருத்துவமனையும் தேவைதான். எங்கே வளரலாம், எங்கே வேண்டா என்று முடிவு செய்யும் மேசையில் ஒரு நாள் உங்களில் சிலர் அமர்வீர்கள். பொறியாளராக, திட்ட வரைவாளராக, மக்கள் பிரதிநிதியாக. அன்று உங்கள் முன் விரிக்கப்படும் வரைபடத்தில் காடு வெறும் பச்சை வண்ணமாகத்தான் இருக்கும். அந்தப் பச்சைக்குள் காப்பூர் மரத்தின் மணமும், கியாம் கஞ்சிங்கின் பெயரும், ஏழாம் அடுக்கின் நீரோசையும் இருப்பது, அங்கே நடந்தவருக்கு மட்டுமே தெரியும். அப்படி நடந்தவர்களுள் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.